ராகு காலம் முடிந்த கையோடு

சரக்.

தினசரி நாட்காட்டியில் நேற்றைக் கிழித்துப் போடும் சத்தம் அது. எல்லா வீட்டிலும் அதற்கு ஒரு நாள் போயிற்று என்று பொருள். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் ஒரு விமானம் கிளம்பும். இன்று காலையும் கிளம்பியது. அடையாற்றில் மூன்றாம் மாடி, கையில் ஆறிப்போன காபி, தாளின் அடியில் பொடி எழுத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை. வானத்தில் ஒரு காக்கை கூட இல்லை. ஆனாலும் காது அடைத்தது, காலடியில் தரை நழுவியது. முப்பது வருஷம் பின்னால் போய் இறங்கினேன்: தியாகராய நகர், பாண்டி பஜாரை ஒட்டிய தெரு, எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே ஏறும் மாடிப்படியின் உச்சி.

அங்கேதான் எங்கள் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு கரும்பலகை, ஒரு நாட்காட்டி. கீழே குடமும் தூக்கும் உருளுகிற ஓசை நாள் முழுக்க. பம்பாய்க்குப் பறந்த ஒரு தனியார் விமானத்துக்கு நாங்கள் டிக்கெட் விற்றோம். நாங்கள் என்றால் மூன்று பேர். நான், அக்கா, டிக்கெட்டுகளை மொபெட்டில் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுத்து வரும் அண்ணன்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எனக்கு வேலை கொடுத்தவர். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் உலக வரைபடத்தைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். குளத்தைச் சுற்றியிருந்த நாலு வீதியும் அதைப் பேசி முடிக்க ஒரு மாசம் ஆயிற்று. “போ, ஆறு மாசத்துல திரும்பி வருவே, அப்ப உன் நாற்காலி காலியா இருக்கறதா பார்க்கலாம்” என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினாராம். அந்த நாற்காலிதான் அக்காவைத் துரத்திக்கொண்டே இருந்தது. “அந்தம்மா முன்னாடி மறுபடி போய் நிக்கணும்னா, நான் நம்ம விமானத்துலேர்ந்தே குதிச்சுடுவேன்” என்பார். சொல்லும்போது சிரிப்பார். கண் சிரிக்காது.

கரும்பலகை அவர் பள்ளியிலிருந்து மனசில் தூக்கி வந்த ஒன்று. எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். நாள், ஊர், இடம் உண்டா இல்லையா, நேரம் என்று நாலு கட்டம். நாலாவது கட்டம் காலி. எப்போதும் காலி.

காரணம் சட்டம். நேரம் குறித்து, அட்டவணை போட்டு, உள்நாட்டில் விமானம் விடும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே என்று ஐம்பதுகளில் எழுதிவைத்த சட்டம். தொண்ணூறுகள் பிறந்ததும் தனியாரையும் வானத்துக்குள் விட்டார்கள். ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. ஆகவே எங்கள் விமானத்துக்குக் காகிதத்தில் பெயர் டாக்சி. டாக்சிக்கு ஏது அட்டவணை? அது தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஞாயிறு தவிர, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பியது. ஒன்பது மணிக்குக் கிளம்புகிறது என்று மட்டும் நாங்கள் யாருக்கும் அறிவிக்கக் கூடாது.

“இன்னா மேடம் இது? ஏரோப்ளேன் கீது, பைலட் கீறாரு, டைம் மட்டும் இல்லியா?” என்றார் அண்ணன், வேலைக்கு வந்த முதல் நாள். அவர் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். விமானங்கள் தாழப் பறந்து போகும் பாதைக்குக் கீழேயே முப்பது வயது வரை வாழ்ந்தவர். “டாக்சின்னா மீட்டராவது கீதா?”

“அதையும் கேட்டுண்டு வந்து சொல்றேன்” என்றார் அக்கா.

தொடக்கத்தில் அக்கா துணிந்து எழுதித்தான் பார்த்தார். ஒன்பது என்று சின்னதாக, கட்டத்தின் மூலையில். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றியில் அழியாமல் காத்த விபூதிக் கீற்று. பலகையைப் பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து அந்த ஒன்பதைத் துடைத்தார். துடைப்பானைக் கூடக் கேட்கவில்லை.

“இன்னொரு தடவை இதைப் பார்த்தேன்னா, இல்ல யாராவது புகார் கொடுத்தா, உங்க ஏஜென்சி போயிடும்மா. கம்பெனிக்கு எழுதிடுவேன். எனக்கு ஆசையா என்ன? சட்டம்.”

படியிறங்கும்போது கைக்குட்டையை உதறினார். ஒன்பது மணி வெள்ளைப் பொடியாக மாடிப்படியில் பறந்தது. அக்கா அந்தப் பொடி அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன் பிறகும் தொலைபேசி மணி அடித்தது. கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. எத்தனை மணிக்கு? காலையில சார். காலையிலன்னா? சீக்கிரமே வந்துடுங்க சார். சீக்கிரம்னா? ஒருவர் விடியுமுன் போய் விமான நிலையத்து நாற்காலியில் தூங்கிவிட்டு, கழுத்துச் சுளுக்கோடு பம்பாய் போனார். பலர் போனை வைத்துவிட்டு அரசாங்க விமானத்துக்கே திரும்பினார்கள். நாலைந்து வாரத்தில் தொலைபேசி தூசி படிய ஆரம்பித்தது. அக்கா காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் தெற்கு மாட வீதி மாமி ஒருவர் கூப்பிட்டார். மகனைப் பார்க்கத் திங்கட்கிழமை பம்பாய் போக வேண்டும். அவர் மணியே கேட்கவில்லை.

“ஏண்டிம்மா, திங்கக்கிழமை காலங்கார்த்தால ராகு காலமாச்சே, அதுலயா கிளப்பறேள்?”

“ஐயோ இல்லை மாமி. ராகு காலம் முடிஞ்ச கையோட கிளம்பறது.”

“அப்ப சரி. போட்டுடு.”

அக்கா ரிசீவரை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மெல்லத் திரும்பி நாட்காட்டியைப் பார்த்தார். திங்கள், ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பூகோள ஆசிரியை இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினார் பாருங்கள், கீழே பாத்திரக் கடைக்காரர் என்னவோ விழுந்துவிட்டது என்று மேலே ஓடி வந்தார்.

ஒரு எண்ணைக் கூடச் சொல்லாமல், மாமிக்கு நிமிஷம் பிசகாமல் நேரம் சொல்லியாகிவிட்டது!

இருவரும் நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றோம். நான் அடுத்த வாரத் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்க, அக்கா அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். அன்று தெரிந்தது, எங்கள் ஒன்பது மணியை யாரோ எங்களுக்கு முன்பே அங்கே அச்சடித்து வைத்திருந்தார்கள். செவ்வாய் ஒன்பதுக்கு எமகண்டம் தொடங்குகிறது. புதன் ஒன்பதுக்கு எமகண்டம் முடிகிறது. வியாழன் குளிகை பிறக்கிறது, வெள்ளி குளிகை முடிகிறது. சனிக்கிழமை ராகு காலம் ஆரம்பம். ஆறு நாளும் ஒன்பது மணியில் ஒரு கதவு திறந்தது, அல்லது மூடியது. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஒன்றுமில்லை. ஞாயிறு எங்களுக்கு விமானமும் இல்லை.

“எல்லாம் சரி, சனிக்கிழமை பொறக்கற ராகு காலத்துல எவன் ஏறுவான்?” என்றார் அண்ணன்.

“ஆத்துலேர்ந்து கிளம்பற நேரம்தான் கணக்கு” என்றார் அக்கா, உலக வரைபடத்தைச் சுட்டிய அதே விரலை உயர்த்தி. “வாசப்படியை முன்னாடியே தாண்டிட்டா, அப்பறம் ராகு நம்மளைத் தொட முடியாது.”

பிறகு வந்த மாதங்கள்! திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடுபவர் முதல் ராயப்பேட்டை டாக்டர் வரை எல்லோரும் எங்கள் மொழியைப் பழகிக்கொண்டார்கள். பெரியமேட்டுத் தோல் வியாபாரி பாய் ஒருவர் தன் கடையில் புதிதாக ஒரு நாட்காட்டி மாட்டினார். “எங்க வீட்ல இதெல்லாம் பார்க்கறதில்லம்மா. உங்க ப்ளேனுக்காகப் பார்க்கறேன்” என்றார். காலையில் நான் தாளைக் கிழிப்பேன், சரக், அண்ணன் கீழே மொபெட்டை உதைப்பார், தொலைபேசி கதறும். “குளிகை முடிஞ்ச கையோட சார்... ஆமாம் சார், குளிகைதான்...” சட்டம் அப்படியே இருந்தது. அதன் இரண்டு வரிகளுக்கு நடுவில் நாங்கள் ஒரு விமானத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் அடையாற்றுப் பேராசிரியர் கூப்பிட்டார்.

கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பகுத்தறிவுக்காரர். அந்த விஷயத்தில் சமரசமே கிடையாது. அவர் வீட்டு நாட்காட்டியில் அடிப்பகுதியே இருக்காது. புது வருஷத்தன்று ஒரு பெரிய கத்தரிக்கோலால், முந்நூற்றுச் சொச்சம் தாளையும் சேர்த்துப் பிடித்து, ராகு காலப் பகுதியை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவாராம். இது எங்களுக்கு அப்போது தெரியாது. அவரிடம் படித்த மாணவி ஒருத்திக்குப் பம்பாயில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்க இவர் போக வேண்டும். புதன்கிழமை.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“எமகண்டம் முடிஞ்ச கையோட சார்.”

எமகண்டம் எப்போது என்று கேட்பதை விட அவர் உயிரையே விட்டிருப்பார். “சரி” என்று வைத்துவிட்டார்.

அவர் ஞாபகத்தில் ஒன்று இருந்தது. கல்லூரிக் காலத்தில் ஒரு புதன்கிழமை உச்சி வேளையில் தேர்வுக்குக் கிளம்பியபோது, அம்மா வழி மறித்து நல்ல நேரம் இல்லை என்று நிறுத்தி வைத்தார்களாம். அது ராகு காலம். ஆனால் இரண்டும் அவருக்கு ஒரே குப்பைதான். மதியம் அது முடியும் நேரத்துக்குச் சரியாக, துணிப்பெட்டியோடு மீனம்பாக்கத்தில் போய் நின்றார். எங்கள் விமானம் அதற்குள் பம்பாயில் இறங்கிக் குளிர்ந்துபோயிருந்தது.

வாய்மொழித் தேர்வு மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. அவருடைய புகார் தள்ளிப் போகவில்லை. அறிவியல் யுகத்தில் எமகண்டம் பார்த்து விமானம் ஓட்டும் ஒரு கும்பல் தியாகராய நகரில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்.

விசாரணை எங்கள் மாடியிலேயே நடந்தது. அதிகாரி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பேராசிரியர், கறுப்புச் சட்டை, கையில் குடை. அக்கா பலகையை ஒட்டி நின்றார், பின்னால் அந்தக் காலிக் கட்டம். சாக்பீஸ் பிடிக்காத போதும் அவர் விரல்கள் சாக்பீஸ் பிடித்த மாதிரியே குவிந்திருந்தன. அந்தப் பள்ளிக்கூட நாற்காலி அறைக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அண்ணன் வாசலில் நின்று, தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், இவங்க உங்களுக்குக் கிளம்பற நேரத்தைச் சொன்னாங்களா, இல்லையா? அது ஒண்ணுதான் எனக்கு வேணும்” என்றார் அதிகாரி.

“எமகண்டம் முடிஞ்ச கையோடன்னாங்க.”

“புதன்கிழமை எமகண்டம் ஏழரைலேர்ந்து ஒன்பது. அப்ப ஒன்பது மணின்னு சொன்னதாத்தானே அர்த்தம்?” அதிகாரி பேனாவைத் திறந்தார். நெற்றியில் விபூதி வைத்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? “எமகண்டம்ங்கறது இந்த நேரம்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“நானா?” பேராசிரியர் எழுந்துவிட்டார். “எமகண்டம்னு ஒரு நேரம் இருக்குன்னு நான் கையெழுத்துப் போடறதா?”

“ஒரு சம்பிரதாயத்துக்கு சார்...”

“சம்பிரதாயத்துக்குத்தான் போட மாட்டேன்! வாழ்நாள் பூரா மேடை மேடையா ஏறிக் கத்தியிருக்கேன். எமகண்டம்னு ஒரு நேரமே கிடையாது சார். சூரியனுக்குத் தெரியாது, பூமிக்குத் தெரியாது, உங்க ஏரோப்ளேனுக்கும் தெரியாது.”

“நேரமே கிடையாதுன்னா, இவங்க உங்களுக்கு நேரமே சொல்லலைன்னு ஆகும்.”

“சொல்லலை! அதுதானே என் புகார்!”

அதிகாரி பேனாவை மூடினார். ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். “நேரம் சொல்லாம இருக்கறதுதான் சார் சட்டம். இவங்க அதை ஒழுங்காக் கடைப்பிடிச்சிருக்காங்கன்னு ஆகுது.”

கீழே பாத்திரக் கடையில் ஒரு அண்டா உருண்டது. அக்காவின் முகத்தில் அப்போது ஓடியதை எழுத, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. ஓடுபாதையின் கடைசியில் சக்கரம் தரையை விடுமே, அந்த நொடி.

“இப்படி ஒரு சட்டமா?” பேராசிரியரின் குரல் இறங்கியிருந்தது. “ஒரு வாகனம் எப்ப கிளம்பும்னு சொன்னா குத்தமா?”

“ஆமாம் சார்” என்றார் அக்கா. “அதனாலதான் நாங்க நாட்காட்டியைக் கட்டிண்டு அழறோம்.”

பேராசிரியர் பலகையைப் பார்த்தார். காலிக் கட்டத்தை, அதன் தலையில் அழகாக எழுதியிருந்த ‘நேரம்’ என்ற சொல்லை. ரொம்ப நேரம் பார்த்தார். “எமகண்டத்தை விடப் பெரிய மூடநம்பிக்கையா இருக்கே இது” என்றார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்று முதல் அவருடைய கோபம் முழுவதும் தில்லிப் பக்கம் திரும்பியது. நாளிதழ்களுக்கு எழுதினார், தொகுதி உறுப்பினருக்கு எழுதினார், மந்திரிக்கு எழுதினார். எழுதியதைத் தொலைபேசியில் எங்களுக்குப் படித்தும் காட்டினார்.

சட்டம் மாறியது. அரசாங்கத்துக்கு மட்டுமே என்ற பழைய சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கிப் புதியதை நிறைவேற்றிய செய்தியை, மாலைப் பத்திரிகையாகச் சுருட்டிக் கையில் பிடித்து அண்ணன் கொண்டுவந்தார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

“மேடம்! நம்ம ப்ளேனுக்கு டைம் வந்துகீது மேடம்! இனிமே அது டாக்சி இல்ல, கெத்தா நேரம் சொல்லிக்கினு போலாம்!”

அக்கா பத்திரிகையை வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். பிறகு பாத்திரக் கடைக்காரரை மேலே கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கீழே போய் ஒரு புது எவர்சில்வர் தட்டு நிறைய ஜாங்கிரி அனுப்பினார். தன் கடிதங்களால்தான் சட்டம் மாறிற்று என்று பேராசிரியர் உறுதியாக நம்பினார். அவருக்கிருந்த ஒரே மூடநம்பிக்கை அதுதான். நாங்கள் அதில் கை வைக்கவில்லை. அன்று மாலை பாண்டி பஜாரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தபோது, ஓடுபாதையோரம் எங்களுக்காக யாரோ ஏற்றுகிற மாதிரியே இருந்தது. தெரு முழுக்க வளையலும் பூவும் ரிப்பனும். அதன் நடுவே நான் காரணமில்லாமல் கைகளை விரித்து நடந்தேன். யார் மேலெல்லாம் இடித்தேனோ.

ஆனாலும் அக்கா கட்டத்தை நிரப்பவில்லை. நானும் அண்ணனும் எத்தனை தூண்டியும் சாக்பீஸைத் தொடவில்லை. “வருவார் பாரு” என்றார்.

வந்தார். அதே கண்ணாடி, அதே மடிப்பு. வரும்போதே கையில் உத்தரவு. இனிமேல் தனியார் கம்பெனிகளும் அட்டவணையை ஒப்புதலுக்குக் கொடுத்து, பயணிகளுக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். பலகையைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

“என்னம்மா இது, நேரம் போடலையே? போட்டே ஆகணும்.”

“நீங்கதான் சார் அழிச்சேள்” என்று அக்கா ஒரு புது சாக்பீஸை நீட்டினார். “நீங்களே எழுதிடுங்கோ.”

அண்ணன் வாசலில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி சாக்பீஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும், மனுஷர் சிரித்துவிட்டார். சாக்பீஸை வாங்கிக் கட்டத்துக்குள் ஒன்பது என்று எழுதினார். கோணலாக, கட்டத்தை விட்டுக் கால் நீட்டிய ஒன்பது. அக்கா அதைத் துடைப்பானால் துடைத்து, அதே இடத்தில் தன் கையால் அச்சுப் போல எழுதினார். “எழுத்து சரியில்லை சார்” என்றார், மூன்றாம் வகுப்புப் பையனிடம் சொல்கிற குரலில். பள்ளிக்கூடம் அவரை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அந்த நாற்காலி அன்றோடு போயிற்று.

கிளம்பும் நேரத்தில் அதிகாரி மாடிப்படியின் முதல் படியில் தயங்கி நின்றார். குரலைத் தணித்தார்.

“அம்மா, நான் வர்ற சனிக்கிழமை பம்பாய் போறேன். உங்க விமானத்துலதான். ஒன்பதுன்னா சரியா ராகு காலம் பிறந்துடுதே... ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி எடுக்கச் சொல்ல முடியுமா?”

அக்கா பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“ஒன்பதுன்னா ஒன்பதுதான் சார். இப்ப சட்டம் இருக்கு. நீங்க ஆத்துலேர்ந்து சீக்கிரமே கிளம்பிடுங்கோ.”